எம்.ஏ. தமிழ் முதல் வருஷம் படிக்கிறேன், மாணவர் இலக்கியக் கருத்தரங்குல கட்டுரை வாசிக்கலாமா? சர்டிஃபிகேட் தவிர அதுல என்ன கிடைக்கும்?

கண்டிப்பா வாசிங்க. முதல் வருஷமாச்சேன்னு தயங்க வேணாம். உங்க கேள்வியில திருவள்ளுவர் யுனிவர்சிட்டி சேர்க்காடு கேம்பஸ்ல நடக்குதுன்னும், எந்தத் தலைப்பு எடுக்கிறதுன்னு புரியலன்னும், பதிவுக் கட்டணம் வேற கட்டணும்னும் எழுதியிருக்கீங்க. நான் குடியாத்தத்துக்காரன், எம்.ஏ., எம்.ஃபில். ரெண்டும் இந்தப் பக்கமே முடிச்சேன், மாணவனா கட்டுரை வாசிச்சிருக்கேன், அப்புறம் கௌரவ விரிவுரையாளரா பசங்கள இட்டுகினு போயிருக்கேன், ஏற்பாட்டுக் குழுவுல நின்னு சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிற வேலை வரைக்கும் பாத்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல சர்டிஃபிகேட் விஷயத்த முடிச்சிடலாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிப்படி பிஎச்.டி. ஆய்வேடு குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கருத்தரங்குல கட்டுரை வாசிச்சிருக்கணும், ஒரு கட்டுரை ஜர்னல்ல வந்திருக்கணும். அதுக்காகவே ஓடினவங்க நிறைய பேர். 2022ல வந்த புது விதியில அந்தக் கட்டாயம் எடுத்துட்டாங்க, எம்.ஃபில். படிப்பும் போயிடுச்சு. அந்தந்த யுனிவர்சிட்டி தனியா விதி வச்சிருக்கலாம், அத உங்க துறையில கேட்டுக்குங்க. ஆனா எம்.ஏ. படிக்கிற உங்களுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்ல. சொல்றதுக்கு விஷயம் இருந்தா போலாம், அவ்வளவுதான். இது நல்ல நிலைமைன்னுதான் நான் நெனக்கிறேன்.

இனி உண்மையில என்ன கிடைக்கும்னு கேட்டா, உங்க கிளாஸ்ல இல்லாத ஒருத்தர் உங்க கட்டுரையக் காது குடுத்துக் கேட்டு ஒரு கேள்வி கேப்பார், அதுதான் கிடைக்கும். அது சின்ன விஷயமில்லீங்க. கிளாஸ்ல நாம செமினார் எடுத்தா ஐயாவோ அம்மாவோ மார்க் போடுவாங்க, நோட்ஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது. அங்க வாணியம்பாடி, திருப்பத்தூர், மேல்விஷாரம், திருவண்ணாமலைன்னு எல்லா ஊர் காலேஜ்லேர்ந்தும் பசங்க வருவாங்க, உங்க தலைப்பையே வேற பக்கத்துலேர்ந்து படிச்சவங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க.

நான் கேட்ட கட்டுரைகள்ல இன்னும் மனசுல நிக்கிறது ஒரு பொண்ணு வாசிச்சது. செங்கம் பக்கத்துல விவசாயக் குடும்பம். மலைபடுகடாம் எடுத்திருந்தாங்க. 583 அடி, பத்துப்பாட்டுல ஒண்ணு, பாட்டுடைத் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மாதான் இன்னிக்கு செங்கம், பாட்டுல வர்ற சேயாறு நம்ம செய்யாறு, நவிரமலை பர்வதமலைன்னு சொல்றாங்க. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்தப் பாட்டுல கூத்தருங்க போற வழியில விளைஞ்சு கிடக்கிறத ஒவ்வொண்ணாச் சொல்லிகினே போவாரு புலவர், அதுல எள்ளுக்கு "பிடி ஏழ்"னு வரும். ஒரு பிடிக்கு ஏழு காய் அடங்குற மாதிரி எள்ளு வெளஞ்சிருக்குன்னு உரை சொல்லுது. அந்தப் பொண்ணு என்ன பண்ணாங்கன்னா, வீட்டு நிலத்து எள்ளுச் செடி ரெண்ட காய்களோட கட்டி எடுத்துனு வந்து டேபிள் மேல வச்சு, காயப் பறிச்சு உள்ளங்கையில அடுக்கிக் காட்டினாங்க. அவங்க கைக்கு ஏழுக்கு மேலயே அடங்குச்சு. அப்படின்னா பாட்டுல வர்ற காய் இன்னும் பருமனா இருந்திருக்கணும், மழை நல்லா பேஞ்ச வருஷத்து வெளச்சல அவர் சொல்றாருன்னு அவங்க வாதம், ஏன்னா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடியிலேயே மழைய பத்தி வருது.

உடனே பின்னாடி உக்காந்திருந்த ஒரு பையன் எழுந்து, "அக்கா, நீங்க கொண்டாந்தது காஞ்ச காய், பாட்டுல சொல்றது ஈரமா இருக்கிற எள்ளு, காஞ்சா காய் சுருங்கிடுமே, அப்புறம் எப்படி ஒப்பிடறது?"ன்னு கேட்டான். அமர்வுத் தலைவரா இருந்த அம்மா பெல் அடிக்கிறத நிறுத்திட்டு, "நல்ல கேள்வி, பதில் சொல்லும்மா"ன்னாங்க. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் யோசிச்சு, "அடுத்த போகம் பச்சையா இருக்கும்போதே பறிச்சு அளந்து பாக்கிறேன், அது வரைக்கும் இது என் ஊகம்தான்"னு சொன்னாங்க. ஹால் முழுக்க கை தட்டுச்சு. ஆராய்ச்சின்னா என்னன்னு நான் அஞ்சு வருஷம் படிச்சு வந்ததவிட அந்தப் பத்து நிமிஷத்துல தெளிவாத் தெரிஞ்சுது.

அதனால தலைப்புக்கு என் பதில், உங்க கண்ணால போய் பாக்க முடியிறத எடுங்க. "சங்க இலக்கியத்தில் அறம்", "குறளில் மேலாண்மை" மாதிரி தலைப்புல ஒரே அமர்வுல நாலு பேர் வாசிப்பாங்க, நாலும் ஒரே புத்தகத்துலேர்ந்து வந்திருக்கும், கேக்கிறவங்களுக்கு கேள்வியே வராது. நம்ம வட ஆர்க்காட்டுல என்ன குறைச்சல்? காட்பாடி பக்கமே வள்ளிமலை இருக்கு, அங்க சமணர் சிற்பமும் இருக்கு, அருணகிரிநாதர் பாடின திருப்புகழும் இருக்கு, ஒரே மலையில ரெண்டும் எப்படி இருக்குன்னு ஒரு கட்டுரை எழுதலாம். வாலாஜா பக்கத்து வேலம் மு.வ. (மு. வரதராசன்) ஊரு, திருப்பத்தூர்ல பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரா இருந்தவர் அவர், அவர் நாவல்கள்ல இந்த ஊருங்க எப்படி வருதுன்னு பாக்கலாம். செங்கம் சுத்தி பல்லவர் காலத்து நடுகல் எவ்வளவோ கிடக்கு.

எல்லாத்த விட எனக்கு ஆசை, யாராவது திரௌபதி அம்மன் கோயில் பாரதத்த எடுக்கணும்னு. பகல்ல பிரசங்கியார் வில்லிபாரதம் பாடிச் சொல்லுவார், ராத்திரி அதே கதை கூத்தா நடக்கும், அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதின்னு ஊரே சேர்ந்து நடத்தும். செய்யாறு பக்கம் புரிசை கூத்து பத்தி வெளியூர்க்காரங்க நிறைய எழுதிட்டாங்க. உங்க ஊர் கூத்து வாத்தியார் வில்லிபுத்தூரார் பாட்டுல எத எடுக்கிறார், எத விடறார், எந்த இடத்துல சொந்தமா சேக்கிறார்னு ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதி எடுத்துனு வந்தீங்கன்னா அத உங்களுக்கு முன்னாடி யாரும் வாசிச்சிருக்க மாட்டாங்க. செல்போன்ல பதிவு பண்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டுக்குங்க, கட்டுரையில அவர் பேரப் போடுங்க, அது முக்கியம்.

எழுதும்போது ஒரே ஒரு கேள்விய வச்சுக்குங்க. முன்னுரையில தமிழ் தொன்மையான மொழின்னு ஒரு பக்கம் எழுதாதீங்க, நேரா விஷயத்துக்கு வாங்க. சுற்றறிக்கையில பத்து நிமிஷம்னு போட்டிருந்தாலும் தொடக்க விழாவுல பொன்னாடையும் வாழ்த்துரையும் நீண்டு மத்தியான அமர்வுல அஞ்சு நிமிஷம்தான் தருவாங்க, இது மாணவர்களுக்குப் பெரிய அநியாயம், நான் ஏற்பாட்டுல இருக்கும்போதும் இதுக்காக சண்டை போட்டிருக்கேன். அதனால ரெண்டு பக்கத்துல வாசிக்கிற மாதிரி தனியா ஒரு படி வச்சுக்குங்க, உங்க கண்டுபிடிப்பு முதல் பக்கத்துலயே வந்துடணும். டைப் பண்றது யூனிகோட்லயே பண்ணுங்க, பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சு மாத்தினா ஒற்று, கொம்பு எல்லாம் எடம் மாறி தொகுப்பு நூல்ல தப்புத் தப்பா வந்துடும், அச்சானதுக்கு அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க காலேஜ் லைப்ரரியில பழைய "ஆய்வுக்கோவை"ங்கிற கருத்தரங்குக் கட்டுரைத் தொகுதிங்க இருக்கான்னு பாருங்க, உங்க தலைப்புல முன்னாடி யார் என்ன எழுதியிருக்காங்கன்னு அதுல கொஞ்சம் தெரியும்.

கட்டணம் பத்தி. கட்டுறதுக்கு முன்னாடி ஒருங்கிணைப்பாளருக்கு போன் போட்டு, மாணவர்களுக்கு எவ்வளவு, அதுல சாப்பாடும் தொகுப்பு நூலும் அடங்குமா, கட்டுரைய யாராவது படிச்சுப் பாத்துத்தான் சேக்கிறாங்களா, வாசிக்க எத்தனை நிமிஷம்னு கேளுங்க. பணம் கட்டின எல்லார் கட்டுரையும் அப்படியே அச்சாகும், வரலன்னாலும் சர்டிஃபிகேட் போஸ்ட்ல வரும்னு சொன்னாங்கன்னா அந்தக் கருத்தரங்கு வேணாம், வேற பாருங்க. நல்லா நடத்துறவங்க இந்தக் கேள்விக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்லுவாங்க. கிளாஸுக்கு வராத நாளுக்கு வருகைப்பதிவு தர்ற ஓ.டி. (ஆன் டியூட்டி) லெட்டர முன்னாடியே துறைத் தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சுக்குங்க, உங்க கட்டுரை முடிஞ்ச உடனே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாம கடைசி அமர்வு வரைக்கும் உக்காந்து, மத்தவங்க கட்டுரைக்கு நீங்களும் எழுந்து ஒரு கேள்வியாவது கேளுங்க.