இரண்டாயிரம் ரூபாய் பி.எச். புரோப்பைக் கடலில் இறக்கினால் என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு பி.எச். புரோப் கிடைக்கிறது, அதை ஒரு சின்ன போர்டில் இணைத்துக் கடலின் அமிலத்தன்மையை அளக்க முடியாதா, ஆய்வுக்கூடங்கள் ஏன் ஒரு சென்சாருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கின்றன என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக அளக்கலாம். முதல் வாரம் நன்றாகவே ஓடும். அதற்கப்புறம் நடப்பதைச் சொல்ல என் சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆய்வுத் திட்டத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு ஜெட்டியின் தூணில், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். இரண்டாவது வாரத்திலிருந்து பகலில் ஆக்சிஜன் ஏறுவதும் இரவில் இறங்குவதும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது, இரவில் சுவாசிக்கிறது என்று விளக்கம் எழுதி, வரைபடம் போட்டு மேலே அனுப்பியும்விட்டேன். 23ஆம் நாள் கயிற்றை இழுத்தால், பாதி தூரத்திலேயே கை வழுக்குகிறது. சென்சாரைச் சுற்றியிருந்த கூண்டு முழுக்கக் கொட்டலசு, சின்னச் சின்ன வெள்ளைக் கூம்புகளாக. சென்சாரின் முகத்தில் அரை மில்லிமீட்டருக்குப் பச்சைப் படலம். நான் எழுதிய விளக்கம் சரிதான். ஆனால் அந்தப் பாசி கடலில் இல்லை, என் சென்சாரின் முகத்தில் குடியிருந்தது. இரண்டு வாரமாக அதன் மூச்சைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "கடல்ல எதப் போட்டாலும் குடித்தனம் வந்துரும் தம்பி. வள்ளத்தையே சொரண்டிச் சொரண்டித்தான ஓட்டுறோம், இந்த டப்பாவ விடுமா?" என்றார். கடல் சென்சார்களைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அதுதான்.

இதற்குப் பல வைத்தியங்கள் உண்டு. பழைய மரக்கப்பல்களின் அடியில் செப்புத்தகடு அடித்ததைப் போலவே இன்றைய சென்சார்களின் முகத்தைச் சுற்றியும் செம்பு போடுகிறார்கள். அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் திறக்கும் செப்பு மூடிகள் இருக்கின்றன, கார் வைப்பர் மாதிரி துடைக்கும் பிரஷ்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தாலும் கெடு தள்ளிப்போகுமே தவிரப் பிரச்சினை தீராது.

வெப்பநிலை சென்சாரை ஒரு தடுப்புக்குள் மூடி வைக்கலாம், வெப்பம் ஊடுருவி வந்துவிடும். வேதியியல் சென்சார் தண்ணீரைத் தொட்டே ஆக வேண்டும். தொடுகிற எதுவும் மாறிக்கொண்டே இருக்கும். அழுக்கே படியாவிட்டாலும் அதன் அளவு மெல்ல நகரும். ஆழ்கடலில் மிதந்துகொண்டிருக்கும் கருவியைத் திரும்ப ஆய்வகத்துக்கு எடுத்து வந்து காலிபரேஷன் (சரியான அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது) செய்யவா முடியும்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த யுக்தி வருகிறது. ஆர்கோ மிதவைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகம் முழுக்க சுமார் 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தரவை அனுப்புகின்றன. பெரும்பாலானவை வெப்பமும் உப்பும் மட்டும் அளப்பவை. ஆக்சிஜன், நைட்ரேட், பி.எச்., குளோரோஃபில் அளக்கும் மிதவைகள் சில நூறுதான். அவற்றின் ஆக்சிஜன் சென்சாரில் ஒரு சாயப் படலம் இருக்கும். அதன் மேல் ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அடங்கும். அடங்கும் நேரத்தை வைத்து அளவு. இந்தச் சாயம் அலமாரியில் சும்மா வைத்திருந்தாலே வருடத்துக்குச் சில சதவீதம் உணர்திறனை இழக்கும். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சென்சாரை ஒரு குச்சியில் உயர்த்தி வைத்தார்கள். மிதவை மேலே வரும்போதெல்லாம் சென்சார் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றை அளக்கிறது. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், எந்தக் கடலுக்கு மேலே போனாலும் அதேதான். பத்து நாளுக்கு ஒரு முறை இலவசக் காலிபரேஷன்!

சரி, உங்கள் பி.எச். கதைக்கு வருவோம். தொழிற்புரட்சிக்குப் பிறகு இன்றுவரை கடல் மேற்பரப்பின் பி.எச். சுமார் 0.1 குறைந்திருக்கிறது (பி.எச். குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று அர்த்தம்). இப்போது வருடத்துக்குச் சுமார் 0.002 குறைகிறது. நீங்கள் பார்த்த மாதிரியான மலிவுப் புரோப்புக்கு ±0.1 துல்லியம் என்று போட்டிருப்பார்கள். அதாவது மனிதகுலம் புகை கக்கிய மொத்தக் காலத்து மாற்றமும் அந்தப் புரோப்பின் பிழைக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, காலிபரேஷனுக்காக அதோடு தரும் பஃபர்கள், அதாவது பி.எச். 4, 7, 10 என்று தெரிந்த கரைசல்கள், உப்பு குறைந்தவை. கடல்நீரிலோ கிலோவுக்கு 35 கிராம் உப்பு. அந்த வித்தியாசமே புரோப்பின் ஒப்பீட்டு முனையில் ஒரு பொய் மின்னழுத்தத்தை உண்டாக்கும்.

நீங்கள் இ.சி.இ. என்பதால் அடுத்தது பிடிக்கும். மிதவைகளில் பி.எச். அளப்பது ஒரு ஃபெட், அதாவது ஒரு வகை டிரான்சிஸ்டர். கேட் முனையில் உலோகத்துக்குப் பதில் கடல்நீர்; ஹைட்ரஜன் அயனிகள் ஏற ஏற, இறங்க இறங்க மின்னோட்டம் மாறும். ஹனிவெல் நிறுவனம் தொழிற்சாலைகளுக்காகச் செய்த டியூராஃபெட் என்ற சென்சார் அது. கலிஃபோர்னியாவில் உள்ள மான்டரே பே அக்வேரியம் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டின் கென் ஜான்சனும் கூட்டாளிகளும் அதை ஆழ்கடலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 2,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 200 கிலோ அழுத்தம். அழுத்தம் மாறினால் சிக்னலும் மாறும், அதுவும் ஒவ்வொரு சென்சாருக்கு ஒவ்வொரு விதமாக. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழுத்தக் கலத்தில் போட்டுச் சோதிக்க வேண்டும். நீங்கள் கேட்ட லட்சங்களில் கணிசமான பங்கு இப்படிச் சோதிப்பதற்குத்தான் போகிறது. பொருளின் விலை குறைவு. இவ்வளவுக்குப் பிறகும் அளவு நகரும். 1,500 மீட்டர் ஆழத்தில் பி.எச். அதிகம் மாறாது என்பதால் அந்த ஆழத்து அளவை வைத்து மேலே உள்ளதைத் திருத்துகிறார்கள். ஆக்சிஜனுக்குக் காற்று என்றால் இதற்கு ஆழ்கடல்.

வேறு வழியும் உண்டு. தண்ணீரில் ஒரு சொட்டு மெட்டா கிரெசால் பர்ப்பிள் சாயம் கலந்து, இரண்டு அலைநீளங்களில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து விகிதம் எடுப்பது. விகிதம் என்பதால் விளக்கின் வெளிச்சம் மங்கினாலும் பெரிய பாதிப்பில்லை. இந்த முறையில் கருவி செய்த சன்பர்ஸ்ட் சென்சார்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2015இல் வெண்டி ஷ்மிட் ஓஷன் ஹெல்த் எக்ஸ்பிரைஸ் போட்டியில் துல்லியம், மலிவு இரண்டு பிரிவிலும் முதல் பரிசை வென்றது. மொத்தம் 15 லட்சம் டாலர். அந்த நிறுவனம் இருப்பது மொன்டானாவில், கடற்கரையே இல்லாத மாநிலம்!

உயிரியல் சென்சார்கள் இன்னும் வம்பு பிடித்தவை, ஏனென்றால் அளக்கப்படுவதும் உயிர். குளோரோஃபில் சென்சார் நீல ஒளியைப் பாய்ச்சிச் சிவப்பு ஒளிர்வை அளக்கும். நடுப்பகல் வெயிலில் நுண்பாசிகள் தற்காப்புக்காக ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும், சென்சாரோ பாசி குறைந்துவிட்டது என்று சொல்லும். ஆனால் இந்தத் துறையில் ஒரு சென்சார் நேரடியாக மனிதரைக் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. ராப் ஓல்சன், ஹைடி சோசிக் இருவரும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் உருவாக்கிய இமேஜிங் ஃப்ளோ சைட்டோபாட், தண்ணீரை உறிஞ்சி ஒவ்வொரு நுண்ணுயிரையும் படமெடுக்கும். அதில் ஒன்று டெக்சஸின் போர்ட் அரான்சஸில் நிறுவப்பட்டிருந்தது. 2008 தொடக்கத்தில் டைனோஃபைசிஸ் என்ற நச்சுப் பாசி திடீரெனப் பெருகுவது அதன் படங்களில் தெரிந்தது. பக்கத்து ஊரில் சிப்பித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சிப்பி எடுப்பதை நிறுத்தினார்கள், சந்தைக்குப் போனதையும் திரும்பப் பெற்றார்கள். யாருக்கும் வயிறு கெடவில்லை.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். பருவநிலை மாற்றத்தை அளக்கும் ஆசையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கழிமுகத்திலோ இறால் பண்ணையிலோ ஒரே நாளில் பி.எச். அரை அலகுகூட ஏறி இறங்கும், அங்கே உங்கள் புரோப்பும் உருப்படியான வேலை செய்யும். காலிபரேஷனுக்கு, செயற்கைக் கடல்நீரில் கலந்த ட்ரிஸ் என்ற பஃபர் யாரிடமாவது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்கோ தரவு இலவசம். நம் நாட்டு மிதவைகளின் தரவை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் தளத்திலேயே இறக்கலாம். அதில் ஆக்சிஜனுக்கு மூல எண் ஒரு பத்தியிலும் திருத்திய எண் இன்னொரு பத்தியிலும் இருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், நான் சொன்னது முழுக்கக் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் ஒன்று. புரோப்பைத் தண்ணீரில் இறக்கும்போது அதே ஆழத்தில் ஒரு வெறும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டையும் கட்டி விடுங்கள். வாரம் ஒரு முறை குழாயை மட்டும் தூக்கித் தடவிப் பாருங்கள். கை வழுக்கினால் அன்றிலிருந்து வரும் தரவை நம்பாதீர்கள். மேலே அனுப்பவும் அனுப்பாதீர்கள்.