காட்டுப் பாதை வண்டிக்கு எந்த ஜாக்கி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் 4x4 (நான்கு சக்கர இயக்க) வண்டிக்கு 2 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியின் உடலை உயர்த்தும் உதிரித் தொகுப்பு) போட்டு, டயரையும் 31 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்கு மாற்றிவிட்டேன். வண்டியோடு வந்த ஜாக்கி இப்போது சேஸிஸுக்கு (அடிச்சட்டம்) எட்டவில்லை. பாட்டில் ஜாக்கி (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் குப்பி வடிவ ஜாக்கி) வாங்கலாம் என்றிருக்கிறேன். 3 டன் போதுமா, 5 டன் வேண்டுமா?

பதில்: டன் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அளவு டேப்பை எடுங்கள். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) உயர்வது அதில் பாதி, 1 அங்குலம்தான். லிஃப்ட் கிட் தந்த 2 அங்குலம் சேஸிஸுக்கு மட்டும் சேரும். ஆக, உங்கள் சேஸிஸ் 3 அங்குலம் மேலே போய்விட்டது. ஆக்ஸில் 1 அங்குலம்தான் போயிருக்கிறது. சேஸிஸில் ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் முழுக்கத் தொங்கி முடியும்வரை சக்கரம் தரையை விட்டு எழும்பாது. ஆக்ஸிலுக்கு அடியில் வைத்தால் தூக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் சக்கரத்துக்கே போய்ச் சேரும்.

தேவைப்படும் அளவுகள் இரண்டு. ஒன்று, டயரில் சுத்தமாகக் காற்று இல்லாதபோது ஆக்ஸில் குழாயின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரம். மற்றொன்று, காற்றடைத்த ஸ்டெப்னியை மாட்ட அந்தக் குழாயின் அடி எவ்வளவு உயரம் போக வேண்டும். 17 அங்குல ரிம்மில் 33 அங்குல டயர் என்றால் முதல் அளவு சுமார் 21 செ.மீ., இரண்டாவது சுமார் 40 செ.மீ. வரும். ஆனாலும் உங்கள் வண்டியில் ஒரு டயரின் காற்றை இறக்கி நீங்களே அளந்துவிடுங்கள்.

இப்போது ஜாக்கிக்கு வருவோம். சாதாரண 2 டன் பாட்டில் ஜாக்கி பெரும்பாலும் 16 செ.மீ.யில் தொடங்கி, தலைத் திருகையும் (தலையில் கையால் திருகி நீட்டும் பகுதி) சேர்த்து 31 செ.மீ.யில் நின்றுவிடும். 5 டன் 41 செ.மீ. வரை எழும், ஆனால் மடங்கிய நிலையிலேயே 20 செ.மீ.யைத் தாண்டும். அடியில் பலகை வைத்துவிட்டால் உள்ளேயே நுழையாது. டன் கூடக்கூட உடலும் உயரமாவதால்தான் இந்தச் சிக்கல். உங்கள் வண்டிக்குச் சரியானது இரண்டு கட்டமாக எழும்பும் தண்டு உள்ள பாட்டில் ஜாக்கி: மடங்கினால் குள்ளம், எழும்பினால் உயரம். பலம் 3 டன் தாராளம். 2 டன் எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தில் விழும் பாரம் 500–600 கிலோ. சாமான் ஏற்றினால் 700–800. மீதிப் பலம் சரிவான இடத்துக்கான பாதுகாப்பு.

வாங்கும்போது தலையைப் பாருங்கள். ரூபாய்க் காசு அளவுள்ள தட்டையான தலை, உருண்டையான ஆக்ஸில் குழாயில் நிற்காமல் வழுக்கும். குழாய் பள்ளத்தில் உட்காரும்படி வளைந்த தலை வேண்டும். தலைத் திருகை, பாரம் ஏறுவதற்கு முன்பே தேவையான அளவு திருகி எடுத்துவிடுங்கள். பாரம் ஏறியபின் திருக வராது. பிரேக் குழாய் ஓடும் இடத்தைத் தவிருங்கள். முன்பக்கம் முழு ஆக்ஸில் இல்லாத வண்டியானால், கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

ஜாக்கி நுழையவே இடமில்லாத நிலை வந்தால், பஞ்சரான டயரை 8–10 செ.மீ. தடிமனுள்ள கட்டையின் மேல் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். அந்த உயரம் அப்படியே ஆக்ஸிலுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: மணலில் ஜாக்கி புதைந்துபோகிறது. எவ்வளவு பெரிய பலகை வைக்க வேண்டும்?

பதில்: 10 x 10 செ.மீ. அடித்தட்டில் 700 கிலோ நின்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 7 கிலோ. எந்த மணலும் இதைத் தாங்காது. 30 x 30 செ.மீ. பலகையில் அது முக்கால் கிலோ சொச்சமாகக் குறைந்துவிடும். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகு போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைப் பலகை நடுவில் வளைந்து ஜாக்கியைச் சாய்த்துவிடும். பலகை வைக்குமுன் மேல்மணலை வழித்துச் சமப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வண்டியை கியரில் போட்டாலும், ஆட்டோமேட்டிக் வண்டியை 'பி'யில் (பார்க்) நிறுத்தினாலும், பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியதும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு வண்டியை உருளவிடும். சக்கரத்தில் பிடிக்காமல் கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஹேண்ட் பிரேக் பிடிக்கும் வண்டிகளிலும் இதே கதைதான். அதனால் 4x4 போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளை, தூக்குவதற்கு முன்பே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கியதும் ஸ்டெப்னியைச் சேஸிஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், உங்கள் மேல் அல்ல.

கேள்வி: 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி (உயரமான இரும்புத் தண்டில் படிப்படியாக ஏறும் ஜாக்கி) அவசியமா?

பதில்: உங்கள் வண்டியில் இரும்பு பம்பரோ, சேஸிஸோடு பொருத்திய பக்கவாட்டு இரும்புக் குழாயோ இல்லையென்றால் வேண்டாம். பிளாஸ்டிக் பம்பரில் அதற்குப் பிடிமானம் கிடையாது. சேற்றுப் பள்ளத்திலிருந்து சக்கரத்தை உயர்த்தி அடியில் கல் போட அதைப்போல் உதவும் கருவி இல்லை என்பது உண்மை. பஞ்சருக்கு அதையே நம்பியிருப்பது சரியல்ல. சேஸிஸைத் தூக்குவதால் வண்டி உயரே போய் ஆடும்.

அதில் ஆபத்து இறக்கும்போதுதான். கைப்பிடியைத் தண்டோடு ஒட்டி நிமிர்த்தி வைத்தபிறகே ஏற்றத்தை இறக்கமாக மாற்றும் கொக்கியைத் தட்டுங்கள். பாதியில் கை விட்டால் கைப்பிடி தானாகவே மேலும் கீழும் அடித்துத் தாடையைப் பெயர்க்கும். தலையைக் கைப்பிடியின் பாதையில் ஒருபோதும் நீட்டாதீர்கள். பாரம் சுமார் 70 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது படிப்படியாக இறங்காமல் சடாரென்று சரியும். தண்டில் படியேறும் இரண்டு பின்களிலும் (இரும்பு முளைகள்) சேறு காய்ந்தால் மாட்டிக்கொள்ளும். பிரஷ்ஷால் தேய்த்து லேசான எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், புழுதியைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: பாட்டில் ஜாக்கி கொஞ்சம் எழும்பி, தானாகவே இறங்கிவிடுகிறது.

பதில்: உள்ளே காற்று புகுந்திருக்கலாம்; படுக்க வைத்தே வண்டியில் கொண்டுபோவது அதற்கு ஒரு காரணம். தண்டை முழுக்க இறக்கி, வால்வைத் திறந்து, கைப்பிடியைப் பத்துப் பன்னிரண்டு முறை அடியுங்கள். பக்கவாட்டு ரப்பர் மூடியைக் கழற்றி, ஓட்டையின் விளிம்புவரை ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் ஊற்றி மூடுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். இதற்குப் பிறகும் இறங்கினால் சீல் போய்விட்டது அல்லது வால்வில் தூசி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஜாக்கியைச் சரிபார்க்காமல் பயணத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.