பாடாங்ல (ஸ்கூல் மைதானத்துல) சுத்துனது பேயா, வெயிலா?

கேள்வி: அண்ணே, பிப்ரவரில ஒருநா பையனோட ஸ்போர்ட்ஸ் பிராக்டிஸ் பாக்க ஸ்கூலுக்குப் போனேன். மத்தியானம் ரெண்டு மணி, வெயில் மண்டைய பொளக்குது, ஒரு மேகம் இல்ல, திடீர்னு கோல் போஸ்ட் பக்கத்துல மண்ணு சுத்திக்கிட்டு எழும்பி, யாரோ தின்னுட்டுப் போட்ட நாசி லெமாக் பேப்பரையும் தூக்கிட்டுப் போயிருச்சு. மாமியார் பேய்க்காத்துங்கறாங்க, பையனுக்கு சுத்திப் போடணுமாம். இது மழைக்கு அறிகுறியா?
- வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: சுத்திப் போடுறது உங்களுக்கும் மாமியாருக்கும் உள்ள விஷயம், நான் நடுவுல வரல. ஆனா அது பேய் இல்லம்மா, சூடு. பினாங்குல ஜனவரி, பிப்ரவரி மழை கம்மி, பாடாங் புல்லு காஞ்சு மண்ணு தெரியும், அந்த மண்ணு வறுபட வறுபட அத ஒட்டியிருக்க காத்தும் சூடாகுது, ஆனா உங்க தலைக்கு மேல உள்ள காத்து அந்தளவு சூடாகாது, ரெண்டே மீட்டர்ல பல டிகிரி வித்தியாசம் வந்துரும். காஞ்ச காத்து மேல ஏறுனா கிலோமீட்டருக்கு சுமார் 10 டிகிரி குளிரும். சுத்தி உள்ள காத்து உயரம் போகப்போக அதவிட வேகமா குளிர்ந்திருந்தா, ஏறுற காத்து எப்பவும் பக்கத்து காத்தவிட சூடாவேதான் இருக்கும், நிக்காம ஏறும். நிலையில்லாத காற்றுமண்டலம்னு சொல்றது இதத்தான். பருந்து இறக்கைய ஆட்டாம வட்டம் போடுதுல்ல, அதுவும் இதே ஏறுகாத்துல சவாரிதான்.

சுத்துறது ஏன்னு கேட்டா, ஏறுன எடத்த நிரப்ப நாலா பக்கமிருந்தும் காத்து ஓடியாரும், அதுல லேசா ஒரு திருப்பம் இருந்தாலே போதும், உள்ள நெருங்க நெருங்க வேகம் கூடும். ஆபீஸ் நாற்காலில சுத்திக்கிட்டே நீட்டுன கைய மடக்கிப் பாருங்க, புரியும். இடமா வலமாங்கறதுக்கு கணக்கு இல்ல, ரெண்டு பக்கமும் சுத்தும்.

மழைக்கு அறிகுறின்னு சொல்ல முடியாது. இது தரைய ஒட்டுன காத்து மட்டும் நிலைகுலைஞ்ச கத. இடி மழைக்கு ஈரமும் வேணும், பல கிலோமீட்டர் உயரத்துக்கு அதே நிலையில்லாமையும் வேணும், ஏப்ரல் மாச சாயங்காலம் கோலாலம்பூர் டிராபிக் ஜாம்ல மாட்டுனவங்களுக்கு அது நல்லாவே தெரியும்.

கேள்வி: அப்ப 2019ல பினாங்கு தஞ்சோங் தோக்கோங்ல கடல்லேர்ந்து ஒரு சுழல்காத்து வந்துச்சே, அதுவும் இதே சாதியா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இல்ல, அது நீர்த்தாரை, அதாவது மேகத்துலேர்ந்து கடல் வரைக்கும் தொங்குற சுழல்காத்து, அந்த வருஷம் ஏப்ரல் 1ந்தேதி கரையேறி வீட்டுக் கூரையெல்லாம் பேத்துட்டுப் போச்சு. அதுக்கு மேல மழைமேகம் இருக்கணும். பாடாங்ல சுத்துறதுக்கு மேகமே வேணாம், பெரும்பாலும் சில நிமிஷத்துல அடங்கிரும். ஆனா கட்டாத டென்ட்ட தூக்கிரும், ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு கயிறு இழுத்துக் கட்டியிருக்கான்னு பாத்துக்குங்க.