90 ரூபாய் இருந்தால்தான் காபி

கேள்வி: ஓட்டலில் காபி விலை ஏறினால் வாயை மூடிக்கொண்டு குடிக்கிறோம். மெட்ரோ கட்டணம் ஏறினால் மட்டும் ஏன் இத்தனை கூச்சல்? நல்ல சேவை வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வாயை மூடிக்கொண்டு காபி குடிக்கும் வித்தையை முதலில் எனக்குக் கற்றுக்கொடுங்கள்.

நம்ம ஊர் தர்ஷினி என்ற சிற்றுண்டி ஓட்டலுக்கும் மெட்ரோவுக்கும் பொதுவானது ஒன்றுதான்: இரண்டிலும் நிற்க வேண்டும். தர்ஷினியில் விலை இரண்டு, மூன்று ரூபாயாக ஏறும். மெட்ரோ 2017க்குப் பிறகு கட்டணத்தைத் தொடாமலே இருந்துவிட்டு, 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ஆக்கியது. கூச்சல் கிளம்பிய பிறகு ஏற்றத்தை 71 சதவீதத்துக்குள் நிறுத்தினார்கள். ஆக, கூச்சலுக்கும் பலன் உண்டு.

கூடவே, ஸ்மார்ட் கார்டில் குறைந்தது 90 ரூபாய் இருக்க வேண்டுமென்றார்கள். 10 ரூபாய்ப் பயணத்துக்கும் அதே 90. ஓட்டல் கேஷியர், “சார், பையில் 90 ரூபாய் இருக்கிறதா, காட்டுங்கள். அப்புறம்தான் டோக்கன்” என்றால்? ஒரே காபியை இருவருக்குப் பிரித்து பை-டூ கேட்பவர்கள் ஆளுக்கு 45 காட்டினால் போதுமா? சர்க்கரை வேண்டாதவருக்கு விலக்கு உண்டா? (சிக்கரி கலந்தவருக்கு நான் எந்த விலக்கும் தரமாட்டேன். மல்லேஸ்வரம் வாசகர்கள் மறுபடியும் கடிதம் எழுதலாம்.)

சரி, காசு கொடுக்க வேண்டியதுதான். ஆனால் மதியம் காலி இருக்கைகளோடு ஓடும் ரயிலில் இன்னொருவர் ஏறினால் நிர்வாகத்துக்கு என்ன பெரிய செலவு? அவரை இழுக்க, கூட்டமில்லாத நேரத்தில் கார்டுக்குத் தரும் கூடுதல் தள்ளுபடி 5 சதவீதம். 90 ரூபாய்க்கு நாலரை ரூபாய். இதற்காக யார் ஸ்கூட்டரை விட்டு இறங்குவார்கள்? கணவன், மனைவி என்றால் ஸ்கூட்டரே பை-டூ ஆயிற்றே.

வருடக்கணக்கில் கட்டணத்தைத் தொடாமல் தூங்கும் இதே பழக்கம் பெங்களூருவின் குழாய்த் தண்ணீரிலும் உண்டு. 2014இல் வைத்த கட்டணம் 2025 ஏப்ரல் வரை ஏறவில்லை. ஏழைகள் மேல் இரக்கம் என்கிறீர்களா? சுமார் 100 கிலோமீட்டரிலிருந்து மின்சாரம் செலவழித்து மேலேற்றிக் கொண்டுவரும் காவிரி, குழாய் உள்ளவர்களுக்குத்தான் மலிவு. குழாய் இல்லாதவருக்கு டேங்கர். 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் தலையிட்டு வைத்த உச்சவரம்பே, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய்.

இதை விரிவாக எழுதலாம். ஆனால் நம் சந்தாதாரர்களில் முக்கால்வாசிப் பேர் குழாய் உள்ளவர்கள்.