ஃபென் சதுப்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்க முடியுமா?
முடியும், நீர்மட்டம் நிலையாக இருக்கும் வரை. மழைநீரை மட்டுமே நம்பும் போக் சதுப்புகளைப் போலன்றி, ஃபென் சதுப்புகள் தாதுக்கள் கலந்த நிலத்தடி நீரால் ஊட்டம் பெறுகின்றன. அந்நீர் ஆண்டு முழுவதும் மேற்பரப்பை ஒட்டி நிற்பதால் ஆக்சிஜன் உள்ளே புகுவதில்லை. ஆகவே கோரைகளும் பாசிகளும் முழுமையாக மட்காமல், ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான அளவில் பீட் எனும் கரிம மண்ணாகப் படிகின்றன. நீர்மட்டம் சற்று ஏறி இறங்கினால், பஞ்சு போன்ற அம்மண்ணும் உடன் உப்பிச் சுருங்கி ஈடுகொடுக்கிறது; இவற்றின் நீண்ட ஆயுளுக்கு இத்தன்மையே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

ஆயினும், பீட் உயர உயர மேற்பரப்பு நிலத்தடி நீரின் பிடியிலிருந்து விலகும்போது, ஸ்பேக்னம் பாசி குடியேறி அமிலத்தன்மையைக் கூட்ட, ஃபென் இயல்பாகவே போக் சதுப்பாக மாறக்கூடும். இது இயற்கையான மாற்றம்தான். கரிமச் சேமிப்பும் தொடர்கிறது.

வடிகால் வெட்டுவதன் விளைவோ முற்றிலும் வேறு. இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில், 1851-இல் உச்சி தரைமட்டத்தில் இருக்குமாறு நடப்பட்ட இரும்புத் தூண், பீட் காய்ந்து சுருங்கிச் சிதைந்ததால் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே தெரிகிறது. அவ்வாறு இறுகிய பீட், மீண்டும் நீர் நிரப்பினாலும், பழைய உப்பிச் சுருங்கும் திறனை எளிதில் பெறுவதில்லை.