மகள் மூன்று முறை வாசித்தும் தேர்வில் மறந்துவிடுகிறாள். மீள்பார்வையை எப்படிச் செய்வது?

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கும் உங்கள் மகள் வேதியியல் குறிப்புகளை வண்ணக் கோடிட்டு மூன்று முறை வாசிக்கிறாள் என்றும், இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது காலையில் தேர்வுக்கூடத்தில் கைகொடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொதுத் தேர்வுக்கு முன் பள்ளி நடத்தும் பிரிலிம்ஸ் தேர்வு நெருங்குவதால் இன்னொரு துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலை மாணவர்களுக்கு வேதியியலும் கணிதமும் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் மகளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் வாசிப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்து எழுதும் பயிற்சி, அதாவது தேர்வில் உண்மையில் செய்யவேண்டிய வேலை, வீட்டில் நடக்கவே இல்லை.

இது என் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்து, ஒரு பகுதியை இரண்டு தடவை வாசிக்கவும், இன்னொரு பகுதியை ஒரு தடவை வாசித்துப் பிறகு நினைவிலிருந்து எழுதவும் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்ததே முந்தியது: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலை தலைகீழானது; நினைவிலிருந்து எழுதியதில் 56 விழுக்காடும், வாசிப்பை மட்டும் செய்ததில் 42 விழுக்காடும் மனத்தில் நின்றன. இரவில் தெரிந்தது பிறகு நழுவுவதற்குக் காரணம் இதுதான். வாசித்த சூட்டில் எல்லாம் பழகியதாகத் தோன்றுகிறது. அந்தப் பழகிய உணர்வைப் பிள்ளைகள் அறிவு என்று நம்பிவிடுகிறார்கள். பத்துப் படிப்பு உத்திகளை ஆராய்ந்து டன்லாஸ்கியும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட விரிவான மதிப்பீட்டிலும், மறுவாசிப்பும் வண்ணக் கோடிடுவதும் குறைந்த பயனுள்ளவற்றில் இடம்பெற்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதலிடத்தில் இருந்தன.

செய்முறையைச் சொல்கிறேன். உப்புகள் தயாரித்தல் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்பை ஒரு முறை கவனமாக வாசித்ததும் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் உங்கள் மகள் எழுதத் தொடங்கட்டும்: சோடியம், பொட்டாசியம், அமோனியம் உப்புகளுக்கு டைட்ரேஷன்; கரையாத உப்புகளுக்கு வீழ்படிவு முறை; மற்றக் கரையும் உப்புகளுக்கு, அமிலத்துடன் உலோகத்தையோ ஆக்சைடையோ கார்பனேட்டையோ மிகுதியாகச் சேர்த்து வடிகட்டும் முறை. அதோடு நிறுத்தாமல் ‘ஏன்’ என்ற கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும். செப்புச் சல்ஃபேட் தயாரிக்கச் செம்பையே நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் ஏன் எதுவும் நடப்பதில்லை? ஈயக் கார்பனேட்டும் கந்தக அமிலமும் சேர்ந்தால் வினை ஏன் பாதியில் நின்றுவிடுகிறது? கரையாத ஈயச் சல்ஃபேட் கார்பனேட்டின் மேல் படலமாகப் படிந்து அமிலத்தைத் தடுத்துவிடுகிறது என்று அவளாகவே எழுதிவிட்டால் அந்தப் பகுதி அவளுக்குச் சொந்தம். எழுத ஒன்றும் வராத இடத்திலும் உடனே குறிப்பைத் திறக்கக் கூடாது. இரண்டொரு நிமிடம் திணறட்டும், அந்தத் திணறலில்தான் நினைவு வேலை செய்கிறது. பிறகு குறிப்பைத் திறந்து, விட்டதையும் பிழையானதையும் சிவப்புப் பேனாவால் அதே தாளில் எழுத வேண்டும். அடுத்த முறை அவள் படிக்கவேண்டியது அந்தச் சிவப்பு வரிகளை மட்டுமே.

அந்த அடுத்த முறை எப்போது என்பதும் முக்கியம். ஒரே நாளில் நான்கு முறை எழுதுவதைவிட, இன்று ஒரு முறை, இரண்டு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை என்று பரப்பி எழுதினால் அதே நேரத்துக்கு நினைவு நெடுநாள் நிற்கும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மைச் சோதனைப் பொருளாக்கிக் கண்டறிந்த உண்மை இது.

கடந்த ஆண்டுகளின் தேர்வுக் கேள்விகளைத் தொகுத்துத் தரும் டென் இயர் சீரிஸ் நூல்கள் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதை வாங்குவதில் காட்டும் ஆர்வத்தைப் பயன்படுத்தும் முறையில் காட்டுவதில்லை. பாடவாரியாகத் தொகுத்த பதிப்பில் ஓர் அத்தியாயத்தின் எல்லாக் கணக்குகளையும் வரிசையாகப் போடும்போது எந்த முறையைக் கையாளுவது என்று யோசிக்கவேண்டிய தேவையே எழுவதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வகைவகையாகப் பிரித்துக் கணக்குப் போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தாலும் ஒரு வாரம் கழித்து 20 விழுக்காடுதான் பெற்றார்கள். கலந்து போட்டவர்கள் 63 விழுக்காடு பெற்றார்கள். ஆகவே பாடவாரிப் பதிப்பைப் புதிய பாடம் பிடிபடும் வரை மட்டும் பயன்படுத்திவிட்டு, அதன் பிறகு ஆண்டுவாரித் தாள்களுக்கு மாற வேண்டும். அவற்றையும் கடிகாரம் வைத்தே செய்ய வேண்டும். வேதியியல் முதல் தாளில் 40 கேள்விகளுக்கு ஒரு மணி நேரந்தான். 2023 முதல் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் இல்லாததால், முழு நீளத் தாளை நேரக்கட்டுப்பாட்டுடன் எழுதும் பழக்கத்தை வீட்டில் ஏற்படுத்துவது முன்பைவிட இப்போது அவசியமாகிறது. விடைப்பக்கத்தைப் பக்கத்திலேயே விரித்துவைத்துக்கொண்டு செய்யும் தாளால் பயனில்லை.

வேதியியல் தெரியாததால் உதவ முடியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். வருந்தவேண்டிய தேவையில்லை. அவளுடைய குறிப்பை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, சமையலறையில் நின்றபடியே, ‘இதை எனக்குத் தமிழில் விளக்கிச் சொல்லம்மா’ என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த வரி தமிழில் வெளியே வரவேண்டுமானால் அது புரிந்திருக்க வேண்டும். புரியாத இடத்தில் அவள் தயங்குவது உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதன் பிறகு தேர்வு எதிர்பார்க்கும் ஆங்கிலச் சொற்களில் அதே விடையை ஒரு முறை எழுதிவிடட்டும். அறிவியல் பாடங்களில் உரிய சொல் இல்லாத விடைக்குப் பெரும்பாலும் மதிப்பெண் கிடைப்பதில்லை.

கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வீட்டில் இரைச்சல் என்றால் வட்டார நூலகமோ சமூக மன்றத்தின் படிப்பறையோ போதும். தேர்வுக்கு முந்திய இரவு விழித்துப் படிப்பதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. படித்தது நினைவில் பதிவதற்கே தூக்கம் வேண்டும்.

இன்னொரு துணைப்பாட வகுப்பு வேண்டாம் என்பதே என் எண்ணம். இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு மிஞ்சும் இரண்டு மணி நேரத்தையும் வகுப்பு எடுத்துக்கொண்டால், வெற்றுத்தாளுடன் உட்கார நேரம் ஏது? இரண்டு வாரம் இம்முறையில் செய்தும் ஒரே பாடத்தில் சிவப்பு வரிகள் குறையவில்லை என்றால், அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு பள்ளி ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். ‘கெமிஸ்ட்ரி புரியவில்லை’ என்று சொல்லும் மாணவிக்கு எந்த ஆசிரியராலும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். எந்த வரியில் நிற்கிறாள் என்று தாளில் பார்த்துவிட்டால் அந்த வரியிலிருந்தே தொடங்கிவிடுவார். அப்படியும் கூடுதல் உதவி தேவைப்பட்டால், தனியார் நிலையங்களை நாடுவதற்கு முன்னால், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாடத் திட்டத்தை விசாரித்துப் பாருங்கள், கட்டணமும் குறைவு.