கேமரா விழுந்தால், நனைந்தால், தொலைந்தால்: காப்பீடு குறித்த கேள்வி பதில்

பொதுக் காப்பீட்டுத் துறையில் சர்வேயராக இருக்கிறேன். தீ விபத்து முதல் வெள்ளச் சேதம் வரை எல்லா இழப்புகளையும் மதிப்பிடும் வேலை. கேமரா தொடர்பான கிளெய்ம்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவருக்கும் பாதிப் பணம்தான் கிடைக்கிறது, சிலருக்கு அதுவும் இல்லை. பெரும்பாலும் கோளாறு பாலிசி எடுத்த அன்றே நேர்ந்துவிடுகிறது. அதனால் வந்த கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கரூரிலிருந்து திருமணப் புகைப்படக் கலைஞர்: ஐயா, கேமராவுக்குக் கம்பெனி வாரன்டி இருக்கிறது. தனியாகக் காப்பீடு தேவையா?

தேவை. வாரன்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு மட்டுமே. மணமேடையில் யாரோ ஒயரில் கால் தடுக்கி, டிரைபாடோடு கேமரா சாய்ந்து மவுன்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) வளைந்துவிட்டால் வாரன்டியில் ஒரு ரூபாய் வராது. தவறி விழுதல், உடைதல், திருட்டு ஆகியவற்றுக்கு நம் நாட்டில் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலக்கு என்று எழுதியவை தவிர மற்ற விபத்துகளை ஏற்கும் ஆல் ரிஸ்க் பாலிசி, மற்றொன்று மின்னணுக் கருவிகளுக்கான எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசி. இரண்டாவதை எடுத்தால், வெளியிடங்களுக்கு எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்டுடியோ முகவரிக்குள் நடந்த சேதத்துக்கு மட்டுமே பாதுகாப்பு என்று ஆகிவிடும். திருமணக் கலைஞரின் கேமரா ஸ்டுடியோவுக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

மதுரை: வீட்டுக் காப்பீட்டில் வீட்டுப் பொருட்களும் அடங்கும் என்றார்கள். கேமராவும் அதில் வந்துவிடுமா?

2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு அது நல்ல பாலிசி. ஆனால் திருட்டு என்றால், அந்தப் பேரிடர் காரணமாக, அது நடந்த 7 நாட்களுக்குள் நடந்த திருட்டு மட்டுமே அதில் அடங்கும். கை தவறிக் கீழே விழுந்த லென்ஸுக்கு அதில் இடமில்லை. தொழிலுக்குப் பயன்படுத்தும் கருவி என்றால் அந்தப் பாலிசியை நம்பவே வேண்டாம்.

கோவை: ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவிகள். பில்லில் உள்ள விலைக்குக் காப்பீடு செய்தால் போதாதா? பிரீமியமும் குறையுமே.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். காப்பீட்டுத் தொகை என்பது நீங்கள் அன்று கொடுத்த விலை அல்ல. அதே கருவியையோ, அதற்கு இணையான இன்றைய மாடலையோ இப்போது புதிதாக வாங்கினால் ஆகும் விலை, வரியும் சேர்த்து. எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசியில் இது எழுதப்பட்ட நிபந்தனை.

குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? உங்கள் கருவியின் இன்றைய புது விலை 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 2 லட்சத்துக்கே காப்பீடு செய்திருக்கிறீர்கள். விழுந்து பழுதாகி, சர்வீஸ் சென்டர் 60,000 ரூபாய் கேட்கிறது. காப்பீட்டுத் தொகை 2 லட்சம் இருக்கிறதே, 60,000 எம்மாத்திரம் என்று நினைப்பீர்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் நீங்கள் காப்பீடு செய்திருக்கிறீர்கள். எனவே 40,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதிலும் ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை என்று பாலிசியில் ஒன்று இருக்கும். அதையும் கழித்துத்தான் கையில் கிடைக்கும். சில நூறு ரூபாய் பிரீமியத்தை மிச்சப்படுத்தப் போய் இருபதாயிரத்தை இழக்கிறார்கள். இந்தக் கணக்கை ஒருவர் முன் உட்கார்ந்து விளக்குவது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனையாகவே இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். பழுது பார்க்கக்கூடிய சேதம் என்றால் மாற்றும் பாகங்களுக்குப் பெரும்பாலும் தேய்மானம், அதாவது பழையதானதால் குறைந்த மதிப்பு, கழிக்க மாட்டார்கள். முழு இழப்பு என்றால், கருவியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்தே கொடுப்பார்கள். புது விலைக்குக் காப்பீடு செய்தேன், புது கேமராவே கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய மாடல்களுக்கு இது கணிசமான தொகை.

உதகை: லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. கிளெய்ம் செய்யலாமா?

முடியாது. பூஞ்சை, தேய்மானம், துரு, மேற்பரப்புக் கீறல் ஆகியவை மெல்ல மெல்ல நேர்பவை. திடீர் விபத்து அல்ல. உங்கள் ஊர் ஈரப்பதத்துக்கு ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள்.

நாகர்கோவில்: கன்னியாகுமரியில் சூரிய உதயம் எடுக்கும்போது அலை அடித்து கேமரா நனைந்தது. காயவைத்து, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். பிறகுதான் காப்பீடு நினைவுக்கு வந்தது.

தம்பி, வேலையை அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். கழற்றிய பாகம் எதையும் தூக்கி எறிய விடாதீர்கள். இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள், மெக்கானிக்கிடம் கொடுத்ததையும் சேர்த்து.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கடல் நீர் பட்டால் கேமரா வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் உடனே எடுத்துவிடுங்கள். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. வெளிப்புறத்தைத் துடைத்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேருங்கள். ஆனால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

நாங்கள் என்ன பார்க்கிறோம் தெரியுமா? பேட்டரி அறையின் உலோக முனைகளில் படிந்த வெள்ளை உப்பு, மவுன்டின் மின் தொடர்புகளில் பச்சைப் பூப்பு, அடித்தகட்டின் திருகுத் தலைகள். சமீபத்தில் நனைந்தது என்றால் உப்பு பொடியாக விரலில் ஒட்டும். பச்சை ஆழமாக அரித்திருந்தால் அது பழைய நனைவு. திருகுத் தலைகள் சிதைந்திருந்தால், முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழும். உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். மெக்கானிக்கிடமிருந்து தேதியிட்ட ரசீது வாங்கி வைத்துக்கொண்டால் பதில் சொல்லலாம்.

சேலம்: மண்டபத்தில் நாற்காலிக்கு அடியில் வைத்த பை காணாமல் போனது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். இது போதுமா?

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு பதிவானதற்கான ரசீது மட்டுமே. திருட்டுக் கிளெய்முக்குப் பெரும்பாலும் எப்.ஐ.ஆர். கேட்பார்கள், பிறகு பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, எந்தக் காவல் நிலைய எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எங்கும் புகார் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். நகலையும் இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ரயிலில் பை தொலைந்து வேறு ஊரில் இறங்கியவர்களுக்கு இது பெரிய உதவி.

புகாரில் ‘காணவில்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காரணம் தெரியாமல் மறைந்த பொருளுக்குப் பல பாலிசிகளில் இழப்பீடு கிடையாது. பை எங்கே இருந்தது, யார் அருகில் இருந்தார்கள், எத்தனை மணிக்குக் கவனித்தீர்கள், மண்டபத்து சிசிடிவியில் என்ன தெரிகிறது என்று உண்மையை முழுமையாக எழுதுங்கள். பாடி, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் புகாரில் இருக்க வேண்டும். எண் கைவசம் இல்லையென்றால் பழைய படக் கோப்பு ஒன்றைக் கணினியில் திறந்து பாருங்கள். பல கேமராக்கள் பாடியின் எண்ணைப் படத்துக்குள்ளேயே பதிந்து வைக்கின்றன.

திருப்பூர்: காருக்குள் வைத்திருந்தபோது திருடு போனால்?

கார் பூட்டியிருக்க வேண்டும், பொருள் வெளியே தெரியாதபடி டிக்கியில் இருந்திருக்க வேண்டும், உடைத்துத் திறந்த தடயம் இருக்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகள் கேட்பது இவைதான். ஆளில்லாத காரில் இருந்தவற்றுக்கு முற்றிலும் பாதுகாப்பு தராத பாலிசிகளும் உண்டு. படித்துப் பாருங்கள்.

சென்னை: கேமரா வாடகைக் கடை நடத்துகிறேன். எடுத்துச் சென்றவர் திருப்பித் தரவில்லை.

பாலிசியின் பார்வையில் இது திருட்டு அல்ல, நம்பிக்கை மோசடி. நீங்களே மனமுவந்து கையில் கொடுத்த பொருள் என்பதால் வழக்கமான பாலிசிகளில் இது விலக்கப்பட்டிருக்கும். வாடகைத் தொழில் என்பதைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால், விழுந்து உடைந்ததற்குக்கூடச் சிக்கல் வரும். வாடகைக்கு விடுவதைத் தெளிவாக எழுதிக் கேட்டு அதற்கேற்ற பாலிசியை வாங்குங்கள். மோசடிக்கு முன்பணமும் அடையாளச் சான்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தமுமே பாதுகாப்பு.

தஞ்சாவூர்: பறவைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. எப்போதாவது உறவினர் திருமணத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம். மறைத்துவிட்டு, அந்தத் திருமணத்திலேயே கேமரா உடைந்தால் என்ன சொல்வீர்கள்?

புதுச்சேரி: டிரோனையும் இதே பாலிசியில் சேர்க்கலாமா?

பறக்கும்போது ஏற்படும் சேதம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். தனிப் பாலிசி கேளுங்கள். தவிர, 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது. உங்கள் டிரோனுக்கானது அல்ல.

திருச்சி: சிங்கப்பூரில் ஒரு திருமணம் எடுக்கப் போகிறேன்.

பாலிசியின் எல்லை இந்தியா மட்டுமா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டுக்கு நீட்டிப்பு வாங்கி, அது எழுத்தில் வந்த பிறகு புறப்படுங்கள். பிரீமியம் நிறுவனத்தின் கையில் சேராமல் பொறுப்பு தொடங்காது என்பது 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு. கருவிகளைக் கைப்பையிலேயே வையுங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பயணப் பைகளுக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு மொத்தம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை மட்டுமே. ஒரு நல்ல லென்ஸின் விலைக்கே அது போதாது.

வேலூர்: கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். வழக்கறிஞரைப் பார்க்க வசதியில்லை.

வழக்கறிஞர் வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) முறையிடலாம். கட்டணம் இல்லை. தனியொருவராகத் தொழில் நடத்துபவர்களின் பாலிசிகளையும் அவர் விசாரிக்கிறார். அதனால் ஸ்டுடியோ பெயரில் பாலிசி இருக்கிறதே என்று தயங்காதீர்கள். நிராகரிப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனையைக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு நேராகப் பதில் எழுதுங்கள். உங்கள் குடும்பக் கஷ்டத்தை எழுதுவதைவிட அது பலன் தரும்.

விழுப்புரம்: ஐயா, என் கணவர் தவறிவிட்டார். ஸ்டுடியோவை நானும் என் மகனும் நடத்துகிறோம். பாலிசி இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

அம்மா, இதைத் தள்ளிப் போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் நகலுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த வாரமே கடிதம் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, வந்ததும் அதையும் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். அப்போதே கருவிப் பட்டியலையும் சரிபாருங்கள். அவர் கடைசியாக வாங்கிய கேமரா பட்டியலில் சேர்ந்திருக்காமல் இருக்கலாம். பில்கள் கிடைக்காவிட்டால் வாங்கிய கடையில் நகல் கேளுங்கள். மகன் கருவிகளை வெளியே எடுத்துச் செல்கிறார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.